மே மாதத்தில் எங்கள் தீவுக்கு வருகிறவர்களுக்கு

கோடை லீவுக்கு ராமேஸ்வரம் வருகிற அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே,

வணக்கம். தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகிற ரோட்டோரம் தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்கிறவள் எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நீங்கள் வருகிற நேரம் பார்த்து அவருக்குக் கடல் கிடையாது. மீன் முட்டையிடுகிற காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வரிசையாகக் கட்டிக்கிடக்கிற படகுகளுக்கு முன்னால் நின்று படம் எடுப்பீர்களே, அந்தப் படகுக்காரர்கள் எல்லாம் அப்போது வீட்டில்தான் இருப்பார்கள். நிவாரணம் என்று அரசாங்கம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறது. மிச்சத்துக்கு நீங்கள்தான். அவர் ஆட்டோ ஓட்டுவார், நான் வண்டி போடுவேன். ஆகவே வராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாருங்கள். வந்த இடத்தில் சிலதை விட்டுப் போகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். முதலில் துணி.

அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்ததும் கட்டியிருந்த புடவையையும் வேட்டியையும் அப்படியே கடலில் விடுகிறீர்கள். பாவம் துணியோடு போய்விடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கோயிலுக்குள் இன்னும் 22 தீர்த்தம் இருக்கிறது, அங்கே யாரும் துணியைக் கிணற்றில் போடுவதில்லை. எங்கள் ஊரில் வடக்குப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்போம், தெற்கே இருப்பது ஆண் கடல். பெண் கடலில் அலை அவ்வளவாக இல்லை. போட்டது எங்கும் போகாது, அடியில் படிந்து கிடக்கும். என் தம்பி நாட்டுப் படகுக்காரன், தடை அவனுக்கு இல்லை. போன மே மாதம் ஒருநாள் வலை கனக்கிறது என்று சந்தோஷமாக இழுத்திருக்கிறான். ஜரிகை வைத்த புடவை ஒன்று, அதற்குள் நாலு நண்டு. நண்டை எடுத்துவிட்டான். கிழிந்த வலையைப் பொத்த இரண்டு நாள் ஆயிற்று. உங்கள் பாவமும் அதோடு வந்ததா என்று அவனைக் கேட்டேன், முறைத்தான்.

அடுத்தது பாலம். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்குகிறதைப் பார்க்க ஆசை வருவது சரிதான், எனக்கே அலுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் போகிற ரோட்டுப் பாலம் 1988-இல் வந்தது. தீவை விட்டு வெளியே போக எங்களுக்கு இருக்கிற ரோடு அது ஒன்றே. என் நாத்தனாருக்கு எட்டாம் மாதமே வலி கண்டு ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனோம். பாலத்தின் நடுவில் இரண்டு பக்கமும் கார். கதவைத் திறந்துபோட்டு, பிள்ளைகளைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஒரு தம்பி "ரயில் வருதுண்ணே, ஒரு நிமிஷம்" என்கிறான். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்தத் தம்பி மேல் கோபமும் இல்லை, வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பாம்பனில் இறங்கி, ஓரமாக வண்டியை விட்டுவிட்டுப் பாருங்கள். ரயில் எங்கும் ஓடிப்போகாது.

தனுஷ்கோடியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, அது என் அம்மா பிறந்த மண். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். அந்த இடிந்த சர்ச் சுவரில் உங்கள் காதலியின் பெயரைக் கீறவேண்டாம். நாங்கள் இன்னும் அந்த மண்ணில்தான் ஊத்துத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறோம். சுற்றிலும் உப்புக் கடல், நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர், அது ஒரு அதிசயம்தான். அதைக் கால் கழுவுகிற இடம் என்று நினைத்து ஒரு குடும்பமே மண் போகக் கழுவிவிட்டுப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் தெளிகிறவரை காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

2017-இல் முனை வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டதால் அங்கே கார் போகிறது. கார் போகிற இடத்தில் குளிக்கவும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கடலும் சேர்கிற இடத்தில் இழுவை அதிகம். கடலிலேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகளை நாங்கள் அங்கே இறக்குவதில்லை.

இன்னொன்று, இதைச் சொன்னால் என் வியாபாரத்துக்கே நஷ்டம். மே மாதத்தில் "உங்க ஊரு மீன்தானே?" என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறீர்கள். நாட்டுப் படகில் கிடைக்கிறது கொஞ்சம், அதையும் ஏலத்தில் பெரிய ஆட்கள் எடுத்துவிடுவார்கள். என் சட்டியில் கிடப்பது பல நாள் கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும்.

ஜூன் 15-க்குப் பிறகு எங்கள் படகுகள் போகும். முடிந்தால் அந்த மாதக் கடைசியில் ஒருமுறை வாருங்கள், கூட்டமும் இருக்காது. முனைக்குப் போகிற வழியில் நீலத் தார்ப்பாய் போட்ட வண்டி. வீட்டுக்காரர் பிடித்த மீனையே வறுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மீன் வண்டிக்காரி