பூங்காவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஊர் மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே பற்றைக்காடாகக் கிடந்த நிலம் இன்று மலையக மக்களின், அதாவது இலங்கை மலைத்தோட்டங்களுக்கு உழைக்க வந்த நம் தமிழ் ஆட்களின், வரலாறு சொல்லும் பூங்காவாக நிற்கிறது. இடம் தந்த நகர சபைக்கும், கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் காசு அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் நன்றி. கல் ஏற்றி வந்த லொறித் தம்பிமாருக்கும், மழையோடு மழையாகப் படி கட்டிய மேசன் பாஸுக்கும்தான்.

பூங்காவில் வரலாறு சொல்லும் பலகைகளுக்கு எழுதித் தந்த ஓய்வுபெற்ற சேர், தேயிலையில் கதையைத் தொடங்க முடியவே முடியாது என்றுவிட்டார். சரியான பிடிவாதம். லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867 இல். அதற்குப் பல வருஷம் முன்பே நம் ஆட்கள் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே போனவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் பூங்காவின் நடைபாதை தலைமன்னார்க் கல்லில் தொடங்கி மாத்தளைக் கல்லில் முடிகிறது. 2023 இல் அந்த வழியை மறுபடி நடந்தவர்களில் சிலர் வந்து, கற்களுக்கு இடையே தூரம் சரியில்லை என்று சண்டை பிடித்து, நகர்த்தி வைத்துவிட்டுத்தான் போனார்கள். முல்லோயாத் தோட்டத்தில் 1940 இல் பொலிஸ் சூட்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனுக்குத் தனிக்கல் கேட்டவர்களும் அவர்களே.

மேல் டிவிஷன் பாட்டி, தாத்தா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தியைப் பழைய படங்குத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தீட்டித் தீட்டி அலகு பாதியாகியிருந்தது. பிடியில் பெருவிரல் அழுந்திய பள்ளம் அப்படியே தெரிகிறது. “கண்ணாடிக்குள்ள வைங்க, ஆனா எண்ணெ போட மறந்துறாதீங்க” என்றார். எண்ணெய் போட ஆள் வைத்தாயிற்று, பாட்டி.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்த தப்பு மேளத்தையும், மன்மதன் கதை ஆடும் காமன் கூத்து உடுப்புகளையும் தந்த குடும்பத்துக்கு நன்றி. பலகைகளைச் சிங்களத்தில் எழுதித் தந்த டீச்சருக்கு நம் ஆட்கள் எல்லோர் சார்பிலும் ஒரு கும்பிடு. அவர் இல்லாவிட்டால் பாதி ஊருக்கு இந்தக் கதை போய்ச் சேராது.

அப்புறம், முதல் கூட்டத்திலேயே எழுந்து, “சிலை அப்புறம் வைக்கலாம், கக்கூஸை முதல்ல கட்டுங்க” என்ற கொழுந்தெடுக்கும் அக்காமார். மலையில் நாள் முழுக்க அந்த வசதி இல்லாமல் நிற்கிறவர்கள் கேட்டது. அதைத்தான் முதலில் கட்டினோம். சிலைக்கு இன்னும் காசு சேரவில்லை, அவசரமுமில்லை.

நன்றியுடன்,
பூங்கா வேலையில் சேர்ந்து நின்றவர்கள்