பைப்பில் ஏன் ஒயர் கட்டுகிறோம்: லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சில மாதமாக எங்கள் பிளம்பிங் கடைப் பையன்கள் பைப்பில் சூடு அளக்கும் சின்ன சென்சாரை வைத்து, மேலே பஞ்சு சுற்றி, ஒயர் இழுப்பதைப் பார்த்து, "லீக்குக்குக் கூப்பிட்டா இதென்ன இசிஜி எடுக்கிறீங்க?" என்று குமுளியிலும் தேக்கடியிலும் பல பேர் கேட்டுவிட்டீர்கள். பில்லில் புதிதாக ஒரு ஐட்டம் ஏறினால் கேட்கத்தான் செய்வீர்கள். கடை வாசலில் நின்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வதைவிட எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் தண்ணீரில் வளரும் லீஜியோனெல்லா என்று ஒரு கிருமி. 1976 ஜூலையில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்தது. வந்து போனவர்கள் வரிசையாக நிமோனியாவில் விழுந்தார்கள், 30 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் இந்தக் கிருமிதான் என்று கண்டுபிடிக்க அடுத்த ஜனவரி ஆகிவிட்டது. இந்தத் தண்ணீரைக் குடிப்பதால் பொதுவாக நோய் வராது. ஷவரில் பொடியாகத் தெறிக்கும் நீர்த்துளி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால்தான் வரும். வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் சீக்கிரம் மாட்டுவார்கள். அதனால், "நாங்க ரூமுக்கு ஆர்ஓ தண்ணிதான் வைக்கிறோம்" என்று சொல்வது இதற்குப் பதில் ஆகாது.

இந்தக் கிருமிக்குப் பிடித்தது வெதுவெதுப்பு. 20 டிகிரிக்குக் கீழே பெருகாமல் கிடக்கும். 20 முதல் 45 வரை பெருகும், 35-ஐ ஒட்டி அதற்குக் கொண்டாட்டம். 50-ல் பத்தில் ஒன்பது சாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், 60-ல் இரண்டு நிமிடம் போதும். ஆகவே சூடு டேங்கில் 60 இருக்க வேண்டும், கடைசி ரூம் குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் 50-ஐத் தொட வேண்டும். பச்சைத் தண்ணீர் 20-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பிரிட்டன்காரர்களின் விதி. மூணாறில் மார்கழி மாதம் யாரும் சிரமப்படாமலே அது நடந்துவிடும். கீழே கம்பத்தில் நடக்கிற காரியமில்லை. அங்கே டேங்குக்கு நிழல், வருஷத்துக்கு இரண்டு தடவை கழுவல், குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின், இவைதான் வழி.

நம் ஹைரேஞ்சுக்கு, அதாவது இந்த இடுக்கி மலைப் பக்கத்துக்கு என்று தனியாக ஒரு தொல்லை உண்டு, அது சோலார் வாட்டர் ஹீட்டர். ஜூன், ஜூலையில் வெயில் முகமே தெரியாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து உள்ளே இருக்கும் ஹீட்டர் காயிலையும் அணைத்து வைப்பீர்கள். டேங்கில் தண்ணீர் 38, 40 என்று நாள் கணக்கில் கிடக்கும். கை வைத்தால் சூடாகத்தான் தெரியும். அதே நேரம் ஆளும் வராத சீசன், பாதி ரூம் பூட்டிக் கிடக்கும். அந்த ரூம் பைப்பில் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக் கூட்டம் வந்ததும் எல்லா ஷவரையும் ஒரே நாளில் திறந்துவிடுவோம். இந்த வரிசைதான் எனக்குப் பயம்.

சென்சார் இங்கேதான் உதவுகிறது. ஹீட்டரை விட்டு வெளியேறும் இடம், ரூம்களைச் சுற்றிவிட்டு ஹீட்டருக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன், கடைசி ரூம், பச்சைத் தண்ணீர் லைன் என நாலு இடத்தில் கட்டுகிறோம். சூடு எவ்வளவு என்று போனில் பார்ப்பது இருக்கட்டும், அதில் சூடு ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டின் போக்கைப் பாருங்கள். நாள் முழுக்க ஏறாமல் இறங்காமல் கிடந்தால் அந்த ரூமில் யாரும் குழாய் திறக்கவில்லை என்று அர்த்தம். பச்சைத் தண்ணீர் பைப் திடீரென்று சூடானால், சூடும் பச்சையும் கலக்கும் ஏதோ மிக்ஸர் குழாய் வழியாகச் சுடுதண்ணீர் அந்தப் பக்கம் ஏறுகிறது. இதை மட்டும் வைத்தே இரண்டு இடத்தில் தண்ணீர் பின்னால் ஏறாமல் தடுக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வு பழுதானதைப் பிடித்திருக்கிறோம்.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பின் மேல் பஞ்சு சுற்றாமல் கட்டிவிட்டோம். செம்பு பைப் மாதிரி பிளாஸ்டிக் சூட்டைச் சட்டென்று வெளியே விடாது. மலைக்காற்று வேறு. உள்ளே ஓடும் தண்ணீரைவிடப் பல டிகிரி குறைத்துக் காட்டியது. அதை நம்பி அவரும் ஹீட்டரை ஏற்றிக்கொண்டே போனார். குழந்தை கை வைப்பதற்கு முன் அவர் மனைவி கவனித்தது எங்கள் நல்ல நேரம். 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே சில விநாடியில் பொசுக்கிவிடும். இப்போது பஞ்சு சுற்றாமல், குழாயடியில் தெர்மாமீட்டர் வைத்து ஒப்பிடாமல் நாங்கள் கிளம்புவதில்லை. டேங்கை 60-க்கு ஏற்றச் சொன்னால் பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வும் ரூம் பக்கம் போடச் சொல்லுவோம், அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

சென்சார் தண்ணீரைச் சுத்தம் செய்யாது. போனில் எச்சரிக்கை வந்த பிறகும் ஆள் எழுந்து போய்க் குழாயைத் திறக்கப் போவதில்லை என்றால் வாங்க வேண்டாம், காசு வீண். வீட்டுப் பாத்ரூமில் 15 லிட்டர் கீசர் மாட்டி தினம் குளிப்பவர்களுக்கும் தேவையில்லை. கேட்டால் நானே வேண்டாம் என்பேன், கடைப் பையன் முறைப்பான்.

வாங்காதவர்களும் செய்யக்கூடியது: பூட்டிய ரூமில் வாரம் ஒரு முறை சூடு, பச்சை இரண்டு குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறங்கள், தெறிக்கக் கூடாது. கழற்றிய தலையில் உப்பு படிந்திருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். பழைய பாத்ரூமை இடித்த இடத்தில் எண்ட் கேப் (மூடி) போட்டு விட்ட பைப் துண்டு இருந்தால் சொல்லுங்கள், அதிலும் தண்ணீர் தேங்கித்தான் நிற்கும், மெயின் லைன் வரை வெட்டி எடுத்துவிடலாம்.

ஐப்பசி முடிவதற்குள் வரச் சொன்னால் வசதி, மண்டல சீசனில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முதலில் கையால் அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கடையில் தெர்மாமீட்டர் இரவல் தருகிறோம். போன முறை கொண்டுபோனதில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் என்று எனக்குத் தெரியும், அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள்.