இரண்டாம் பரிசு பெற்ற அணியின் ஸ்கோரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் நம் மாவட்டப் பக்கங்களில் மின்னொளி கபடிச் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். பங்குனித் திருவிழாக்கள் வரை ஓயாது. ஆர்வமாகத்தான் படிக்கிறேன். ஆனால் எல்லாச் செய்தியும் ஒரே மாதிரி இருக்கிறது. யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார், யார் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார், யார் கோப்பை வழங்கினார் என்று வரிசையாக வரும். கடைசி வரியில் முதல் பரிசு பெற்ற ஊர். இடம் இருந்தால் இரண்டாம் பரிசு பெற்ற ஊர். எத்தனைக்கு எத்தனை என்பது மட்டும் இருக்காது. இறுதி ஆட்டத்தின் ஸ்கோரையும், தோற்ற அணியில் நன்றாக ஆடியவரின் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் ஊர் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாமணி ஆற்றுக்கு இக்கரை. தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதம், அக்கரை ஊரில் ஏழுவர் தொடர் கபடி நடந்தது. மூங்கில் நட்டு டியூப் லைட் கட்டி, மண்ணைச் சலித்துக் கொட்டித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். இரவு ஆரம்பித்த ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்து, இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர்கள்கூட எழுந்து நின்று பார்த்த ஆட்டம் அது. எங்கள் ஊரும் அக்கரை ஊரும். ஒரு லோனா (எதிரணியின் ஏழு பேரையும் வெளியேற்றுவது) அவர்கள் போட்டார்கள், ஒரு லோனா நாங்கள் போட்டோம். கடைசி நிமிடத்தில் ஸ்கோர் சமம், கடைசியாகப் பாடிப் போகும் முறை எங்களுக்கு. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் போனார். திரும்பும்போது இடது கார்னரில் நின்றவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். விழுந்தபடியே நடுக்கோட்டுக்குக் கையை நீட்டினார். விரல் கோட்டைத் தொட்டது என்று இக்கரையில் சொல்வார்கள், தொடவில்லை என்று அக்கரையில் சொல்வார்கள். நடுவர் விசில் அவர்கள் பக்கம். ஒரு புள்ளியில் தோற்றோம்.

இன்றைக்கும் இரண்டு ஊரிலும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு புள்ளி என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆனால் இங்கே 27–26 என்கிறார்கள், அங்கே 31–30 என்கிறார்கள். ஆண்டைக் கேட்டால் அதிலும் சண்டை. இதெல்லாம் போகட்டும். எனக்கு வருத்தம் அந்த அண்ணனைப் பற்றித்தான். அன்று ஸ்கோர் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த சிறுவர்களில் நானும் ஒருவன். எங்கள் பக்கத்தில் திரும்பத் திரும்ப அவருடைய எண்தான் விழுந்தது. பின்தங்கிக் கிடந்த அணியைச் சமத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். அதை இன்று யாரும் சொல்வதில்லை. கடைசியில் பிடிபட்டது மட்டும் நிற்கிறது. வேலைக்காக வெளிநாடு போய், தலை நரைத்துத் திரும்பிவந்தவரிடம், “அன்னைக்கு நீ மட்டும் காலை உருவியிருந்தா” என்று டீக்கடையில் இப்போதும் கேட்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோகிறார். அந்த நோட்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் செய்தித்தாளில் வந்திருந்தால் வெட்டி வைத்திருப்போம்.

பெரிய ஆட்டங்களில் இந்த அநியாயம் நடப்பதில்லை. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோமே, நினைவிருக்கும். 271 ரன் இலக்கு. முதுகுவலியோடு நின்று 136 ரன் எடுத்த சச்சின் ஆட்டமிழக்கும்போது இன்னும் 17 ரன்தான் தேவை. அடுத்த மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் போயின. ‘சச்சின் கடைசிவரை நின்றிருக்கலாம்’ என்று சொல்பவர் இன்றும் உண்டு. ஆனால் 136 என்று அச்சில் இருக்கிறது. 258 ரன்னில் பாதிக்கு மேல் அவர் எடுத்தது என்பதை யாராலும் மறைக்க முடியாது. ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு அன்று சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியதும் பதிவில் இருக்கிறது. அந்தக் கைதட்டலுக்காகவே நான் அந்தத் தோல்வியைப் பெருமையாக நினைவில் வைத்திருக்கிறேன்.

கபடியிலேயே பாருங்கள். 2016 உலகக் கோப்பையில் அகமதாபாத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 32–34 என்று இந்தியா தோற்றது. இறுதி ஆட்டத்தில் இடைவேளை வரை ஈரானிடம் பின்தங்கியிருந்து, பிறகு 38–29 என்று கோப்பையை வாங்கியது. நாற்பது வயதைக் கடந்த பின்னும் அந்த அணியில் இடம்பிடித்தவர் நம் தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். முதல் நாள் தோல்வியின் கணக்கும் இருப்பதால்தான் அந்த வெற்றியின் கனம் தெரிகிறது. 1990 முதல் ஆசிய விளையாட்டில் தங்கத்தை விட்டுக்கொடுக்காத நம் ஆண்கள் அணி, 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியோடு திரும்பியது. அந்த வலி தெரிந்தவர்களுக்கே 2023 ஹாங்சோ இறுதி ஆட்டம் முழுதாகப் புரியும். அதில் 28–28 என்று இருந்தபோது, லாபி (ஆடுகளத்தின் இரு பக்க ஓரப் பட்டை) விதி பற்றிய ஒரே தகராறில் ஆட்டம் ஒரு மணி நேரம் போல நின்றுபோனது. எங்கள் ஊர்த் திடலில் நடக்கும் அதே சண்டை! கடைசியில் 33–29 என்று ஈரானை வென்றோம். அதே நாளில் பெண்கள் சீன தைபேயை 26–25 என்று, ஒரே ஒரு புள்ளியில், வென்றார்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் நம் பெண்கள் ஈரானை 75–21 என்று வென்றார்கள், ஆண்கள் 35–32 என்று வென்றார்கள். இரண்டும் தங்கம்தான். ஆனால் வடுவூர்ப் பக்கம் போய்க் கேட்டால் 35–32ஐத்தான் நிமிடம் நிமிடமாகச் சொல்வார்கள். அந்த அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் ஆடினார் என்பது ஒரு காரணம். நெருக்கி முடிந்த ஆட்டம் மனதை விட்டுப் போகாது என்பது இன்னொரு காரணம்.

இந்தப் பிள்ளைகள் எல்லாம் ஆடிப் பழகியது இந்த மின்னொளித் திடல்களில்தான். அங்கே அவர்கள் தோற்ற ஆட்டங்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. சங்கங்களில் கோப்பைகள் இருக்கும், சட்டம் போட்ட படங்கள் இருக்கும், அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அதையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் இளைஞர் மன்றத்தின் ஓட்டுக் கூரை பறந்து, படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஊரில் வைத்திருப்பது ஊரோடு போய்விடும். உங்கள் பத்திரிகையில் வந்தது நூலகத்தில் இருக்கும்.

இப்போதுதான் எல்லாம் யூடியூபில் நேரலையாக ஓடுகிறதே என்று என் தம்பி மகன் கேட்டான். ஓடுகிறது, நல்லதுதான். ஆனால் ராத்திரி முழுக்க ஓடும் காணொளியில் ஒரு அரையிறுதியைத் தேடி எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அந்தச் சேனலை நடத்துகிற பையன் வேலைக்குப் போய்விட்டால் அப்புறம் அதுவும் இல்லை.

தோற்ற அணி பெயரைப் போட்டால் அவர்களுக்கு அவமானம் என்று சில அணித் தலைவர்களே நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடிய விடிய ஆடி, நான்கைந்து அணிகளை வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்து, ஒரு புள்ளியில் இரண்டாம் பரிசு வாங்கியவன் எதற்குத் தலை குனிய வேண்டும்? ‘இரண்டாம் இடம்’ என்று மட்டும் போட்டால்தான் அவன் எப்படித் தோற்றான் என்பது தெரியாமல் போகிறது. 31–30 என்று போடுங்கள், படிக்கிறவர்களுக்குத் தானாகப் புரியும்.

இடம் இல்லை என்றும் சொல்லக்கூடும். முன்னிலை வகித்தவர்கள் பட்டியலில் இரண்டு வரி குறைத்தால் போதும். இறுதி ஆட்டத்தின் ஸ்கோர், இடைவேளை ஸ்கோர், இரண்டு பக்கத்திலும் அதிகப் புள்ளி எடுத்தவர் யார், கடைசி ரெய்டு எப்படி முடிந்தது. இவ்வளவுதான் வேண்டும். இரண்டு அரையிறுதிகளின் ஸ்கோரும் கிடைத்தால் இன்னும் நல்லது.

போட்டி நடத்தும் விழாக் குழுக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஸ்கோர் ஷீட்டை ஆட்டம் முடிந்ததும் வீசிவிடாமல், இரண்டு அணித் தலைவர்களிடமும் நடுவரிடமும் கையெழுத்து வாங்கி, போனில் ஒரு படம் எடுத்து உள்ளூர் நிருபருக்கு அனுப்பிவிட வேண்டும். எங்கள் மன்றத்தில் இதைப் பேசி முடிவு செய்துவிட்டோம். வரும் பங்குனியில் எங்கள் திடலில் நடக்கும் 65 கிலோ எடைப் பிரிவுப் போட்டியின் ஷீட், கோப்பை யார் வாங்கினாலும், மறுநாள் காலையிலேயே உங்கள் நிருபர் கைக்கு வந்துவிடும். முழுதாகப் போட முடியாவிட்டாலும் ஸ்கோரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.