எல்லா வலிக்கும் ஒரே செட் மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பரோட இணைப்புல நாள்பட்ட வலிய பத்தி ஒரு பக்கம் வந்திருந்துச்சு. ஒத்தடம் குடுங்க, இஞ்சி சேத்துக்கோங்க, கவலப்படாம இருங்கன்னு போட்டிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரலீங்க. ஆனா முதுகு வலி, சர்க்கரைக்காரங்களோட கால் எரிச்சல், ஒத்தத் தலைவலி, மூட்டு வலி எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு கிண்டின மாதிரி இருந்துச்சு, அதான் எழுதறேன். நான் திருப்பூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன். சாயங்காலம் பனியன் கம்பெனி ஷிப்ட் விடுற நேரம் கவுன்டருக்கு வர்றவங்க கேக்குறது பெரும்பாலும் ஒண்ணுதான், "அக்கா, உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க".

செட்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன், சின்னக் கவர்ல நாலஞ்சு மாத்திரை, அட்டையில இருந்து வெட்டிப் போட்டது. டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ ஒரு வலி மாத்திரை, ஒரு பாராசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை, சில கடையில கூடவே ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. சாப்பிட்டா ரெண்டு நாள் ஜோரா இருக்கும், மறுபடியும் வலிக்கும், மறுபடியும் வருவாங்க, இப்படியே வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கு. ஸ்டீராய்டு உள்ள போயிட்டே இருந்தா மூஞ்சி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், இதுல வேடிக்கை என்னன்னா மூஞ்சி உப்பினத பாத்து "மாத்திரை சாப்ட்டு உடம்பு தேறிருச்சு"ன்னு சந்தோசப்படுறவங்களும் இருக்காங்க. சில ஊர்ல மூட்டு வலிக்கு நாட்டு மருந்துன்னு விக்கிற பொடியிலயும் இதே ஸ்டீராய்டு கலந்து வர்றதுண்டு.

டைக்ளோஃபெனாக் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம நாட்டுல பாறு கழுகு கிட்டத்தட்ட அழிஞ்சே போனதுக்கு முக்கியக் காரணம் இந்த மருந்துதாங்க. மாட்டுக்கு போட்ட ஊசி, செத்த மாட்டோட கறி வழியா கழுகுக்குள்ள போயி அதோட கிட்னிய காலி பண்ணிருச்சு. 2006-ல மாட்டுக்கு இத தடை பண்ணாங்க, அப்பவும் மனுஷனுக்குன்னு வர்ற பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்கு போட்டதால 2015-ல மனுஷங்க ஊசியவும் 3 மில்லி பாட்டிலா சுருக்கினாங்க. மனுஷ கிட்னி கழுகு மாதிரி அவ்வளவு வீக் இல்ல, சரிதான். ஆனா பிபிக்கு 'பிரில்' இல்லன்னா 'சார்டன்'னு முடியிற மாத்திரை ஒண்ணு, கூட நீர் பிரியிற மாத்திரை ஒண்ணு சாப்பிடுற அறுபது வயசு அம்மாவுக்கு இந்த வலி மாத்திரையும் சேந்துச்சுன்னா மூணும் சேந்து கிட்னிய நல்லா அடிக்கும். வயித்துப் புண், ரத்தக் கசிவு, ஹார்ட் பிரச்சனை எல்லாம் தனிக் கதை. நாலு நாள் சுளுக்குக்கு உள்ள மருந்த நாலு வருஷம் சாப்பிடுறது சிகிச்சையே இல்லீங்க.

மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி, அதுதான் டாக்டர்கள் வச்சிருக்கிற கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, 2022-ல நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்புல, அதுக்குன்னு தனி இடமே குடுத்துட்டாங்க. அடிபட்ட எடம் ஆறினதுக்கு அப்புறமும் நரம்பும் மூளையும் வலிய விடாம புடிச்சு வச்சிருக்கும், ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலங்கிறதால அந்த வலி பொய்யுன்னு ஆயிடாது. ஃபைப்ரோமயால்ஜியான்னு ஒண்ணு இருக்கு, உடம்பு பூரா வலி, தூக்கம் சரியா வராது, எப்பவும் அசதி, வர்றது பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வரும், உடனே வீட்டுல "வேல செய்ய சோம்பல்"னு சொல்லிருவாங்க. பாவம்.

நரம்பு வலிதான் நான் அதிகமா பாக்குறது, அதிகமா தப்பா வைத்தியம் நடக்குறதும் இதுக்குத்தான். பாதம் எரியும், ஊசி குத்தும், ராத்திரி போர்வை பட்டாலே தாங்காது, பத்து பன்னண்டு வருஷமா சர்க்கரை இருக்கிறவங்க சொல்ற அதே கதை. இதுக்கு செட் மாத்திரை கேக்கவே கேக்காது. டாக்டர் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸடின், பிரீகாபாலின், காபாபென்டின் இதுல ஒண்ண எழுதுவாரு, கூட சர்க்கரைய கட்டுக்குள்ள வைக்கச் சொல்லுவாரு. வீட்டுக்கு போனதும் பையனோ பொண்ணோ போன்ல தேடிப் பாத்துட்டு "இது மன அழுத்த மாத்திரையாச்சே, எங்கம்மாவுக்கு என்ன பைத்தியமா"ன்னு கவுன்டர்ல வந்து சண்டை. அம்மணி, மருந்து ஒண்ணுதான், வேலை வேற. நரம்பு வழியா போற வலி சேதிய அது மட்டுப்படுத்துது, அமிட்ரிப்டிலின் எல்லாம் வலிக்கு ரொம்ப கம்மி டோஸ்லதான் ஆரம்பிப்பாங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும் பலன் தெரிய, மொதல்ல கொஞ்சம் தூக்கமா கிறுகிறுப்பா இருக்கும், வண்டி ஓட்டுறவங்க பாத்துக்கணும், நல்லாயிருச்சுன்னு நீங்களா சட்டுனு நிறுத்தவும் கூடாது. இத சொல்ல டாக்டருக்கு நேரமில்ல, கேக்க இவங்களுக்கு பொறுமையில்ல, மூணாம் நாள் மாத்திரைய தூக்கி போட்டுட்டு "அந்த சிவப்பு நரம்பு ஊசி போட்டு விடுங்க"ன்னு வந்துருவாங்க. அது பி12 ஊசி. பி12 கொறஞ்சிருந்தா நல்ல மருந்துதான், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் சாப்பிடுறவங்களுக்கு கொறையிறதும் உண்டு, அதனால ரத்தத்துல பாத்துட்டு போடுங்க, எல்லார் எரிச்சலுக்கும் அது பதில் இல்ல.

அக்கி வந்து ஆறின எடத்துலயும் இதே மாதிரி நரம்பு வலி மாசக்கணக்கா நிக்கும். நம்ம பக்கம் அக்கின்னா மொதல்ல காவி எழுதத்தான் கூட்டிட்டு போறாங்க. எழுதுங்க, வேண்டாங்கல, ஆனா அக்கி வைரசால வர்றது, அதுக்கு உள்ள மாத்திரைய கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன், அந்த நேரம் காவியிலயே போயிருது. 50 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு தடுப்பூசியும் இருக்கு, 2023-ல நம்ம நாட்டுக்கும் வந்துச்சு, என்ன, விலைய கேட்டா அதுவே ஒரு வலி. கன்னத்துல கரண்ட் அடிக்கிற மாதிரி சுளீர்னு வர்ற வலிக்கு பல்லு பல்லா புடுங்கிட்டு வந்தவங்களும் இருக்காங்க, அது முக நரம்பு வலி, கார்பமாசிபின்தான் அதுக்கு மொத மருந்து, கேக்கலன்னா ஆபரேஷனும் உண்டு.

முதுகு கழுத்துக்கு வர்றேன். டைலருங்க, செக்கிங் பொண்ணுங்க, கட்டிங் மாஸ்டர், எல்லாருக்கும் இருக்கு. ஒடனே எம்ஆர்ஐ எடுத்துட்டு "டிஸ்க் விலகிருச்சு"ன்னு பயந்து போய் வர்றாங்க. வலியே இல்லாதவங்கள ஸ்கேன் பண்ணின ஆய்வுகள 2015-ல ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, அதுல 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கி இருந்துச்சு, 80 வயசுல 84 சதவீதம். அப்ப ஸ்கேன்ல தெரியிறதுதான் வலிக்கு காரணம்னு எப்படி சொல்றது? பெரும்பாலான முதுகு வலிக்கு படுத்தே கெடக்குறதுதான் கெடுதல், நடக்கணும், பிசியோதெரபிஸ்ட் சொல்ற பயிற்சிய விடாம செய்யணும், கொஞ்ச நாளைக்கு மட்டும் மாத்திரை. ஆபரேஷன் நரம்பு அழுத்தி காலு பலமிழந்து போறவங்களுக்கும், மாசக்கணக்கா காலுக்கு வலி இறங்கி எதுக்கும் கேக்காதவங்களுக்கும்தான். முட்டி தேய்மானத்துக்கும் மொத வைத்தியம் தொடை தசைய பலப்படுத்துறதும் எடைய கொறைக்கிறதும்தான், மேல தடவுற ஜெல் நல்லாவே கேக்கும், ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச வாரம் தாங்கும், கடைசியிலதான் மூட்டு மாத்துறது. விளம்பரத்துல வர்ற வரிசை இதுக்கு அப்படியே தலைகீழ்.

ஆனா காலையில எந்திரிச்சா விரல மடக்கவே முடியாம அரை மணி, ஒரு மணி நேரம் இறுகிக் கெடந்தா அது தேய்மானம் இல்ல, சரவாங்கியா, அதாவது ருமட்டாய்ட் மூட்டு வாதமா இருக்கலாம். சீக்கிரம் மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மருந்து ஆரம்பிச்சா மூட்டு கோணாம தப்பிக்கலாம். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான், தெனமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து, நான் கவர் மேல கிழமைய பெருசா எழுதித்தான் குடுப்பேன். 2006-ல சிக்குன்குனியா வந்துட்டு வருஷக்கணக்கா மூட்டு வலியோட இருந்தவங்களும் நம்ம ஊர்ல நெறைய, அவங்களும் செட்டுக்கு பழகினது அப்பத்தான்.

தலைவலிக்காரங்களுக்கு ஒரே ஒரு சேதி. மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ சாதா வலி மாத்திரை போட்டா, கலவை மாத்திரைன்னா 10 நாளே போதும், அந்த மாத்திரையே தலைவலிய வரவைக்கும். மைக்ரேனுக்கு வராம தடுக்கிற மருந்து தனியா இருக்கு, புரொப்ரனலால், டொபிராமேட்னு, நரம்பியல் டாக்டர பாருங்க.

இன்னொண்ணு. "போதைக்கு வலி மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது"ன்னு அடிக்கடி போடுறீங்க. டேபெண்டடால்ங்கிற ஓபியாய்டு, அதாவது அபின் மாதிரி வேலை செய்யிற வலி மாத்திரைதான் அதிகமா மாட்டுது, புடிக்க வேண்டியதுதான். அமெரிக்காவுல 2018-ல வந்த ஒரு ஆய்வுல, தீராத முதுகு வலி, முட்டி வலி, இடுப்பு மூட்டு வலிக்கு ஓபியாய்டு மாத்திரைய ஒரு வருஷம் குடுத்துப் பாத்தும் அது சாதா மருந்துகள விட ஒசத்தின்னு வரல, அதனால அந்த வலிகளுக்கு அது தேவையும் இல்ல. ஆனா கேன்சர் வலிக்கு மார்ஃபின் வேணுங்க, அதுவும் ஓபியாய்டுதான். 2014-ல போதைப் பொருள் சட்டத்த திருத்தி மார்ஃபினையும் சேத்து ஆறு மருந்துக்கு லைசென்ஸ் வழிய சுலபமாக்கினாங்க, விலையும் கம்மி, அப்படியும் "ஐயோ அடிமையாயிருவாரு"ன்னு வீட்டுக்காரங்க பயந்து அந்த மனுஷன ராப்பூரா துடிக்க விடுறாங்க. கைது செய்திய போடுறப்ப எந்த மருந்துன்னு பேர போட்டீங்கன்னா இந்தப் பயம் கொஞ்சம் கொறையும். 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, படுக்கையில இருக்கிறவங்களுக்கு வலி தணிப்பு எல்லாம் செய்யிறாங்க, பாதிப் பேருக்கு அது பிபி சுகர் மாத்திரை குடுக்கிற திட்டம்னுதான் தெரியும், அதப்பத்தி ஒரு பக்கம் எழுதலாமே.

அதோட ஒரு கட்டம் போட்டு இதையும் போடுங்க. முதுகு வலியோட ஒண்ணுக்கு ரெண்டுக்கு போறது தெரியாம போனாலோ, உக்கார்ற எடம் மரத்துப் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சும்மாவே எடை கொறஞ்சாலோ, முன்னாடி கேன்சர் வந்தவங்களா இருந்தாலோ மெடிக்கல் ஷாப்புக்கு வராதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க, மொத ரெண்டும்னா அன்னைக்கே போகணும். மூட்டு ஆபரேஷன் விளம்பரத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்குறீங்க, இதுக்கு ஒரு கால் பக்கம் கெடைக்காதுங்களா?

இப்படிக்கு,
பார்மசிஸ்ட் ஒருத்தி,
திருப்பூர்