பிள்ளைகள் எடுத்த படத்தை முதலில் ஊர் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிளஸ் ஒன் மாணவர்கள் ஊர்க் குடிநீரைப் பற்றி செல்போனில் ஒரு படம் எடுத்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது, ஆனால் நல்லபடியாகத் தொடங்கவில்லை. பள்ளிக்குப் பள்ளி இப்போது விழிப்புணர்வுக் குறும்படம் எடுக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு நேர்ந்தது மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுதாததற்குக் காரணம் கடிதத்திலேயே வரும்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையிலேயே புளோரைடு இருக்கிறது. போர்வெல் தண்ணீர் அந்தப் பாறையில் ஊறி வருவதால் அதிலும் இறங்கிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால், பல் முளைத்து வளரும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். விளக்கினால் போகாது. இன்னும் அதிகமாக, பல வருஷம் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் மருத்துவர்கள் பதிவு செய்தது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் பகுதியில். இதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன், காவிரி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-ல் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கும் வருகிறது. ஆனால் எல்லா நாளும் வருவதில்லை. வராத நாளில் அதே டேங்க்கில் போர் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள்.

இதைத்தான் பிள்ளைகள் படமாக எடுக்க நினைத்தார்கள். ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். சமூகப் பிரச்சினை ஒன்றைப் பற்றி மூன்று நிமிடத்துக்குள் வீடியோ, கடைசியில் கட்டாயம் ஒரு கருத்து, இணையத்தில் ஏற்றி லிங்க் அனுப்ப வேண்டும், லைக்குகளுக்கும் மதிப்பெண் உண்டு. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இப்படிப்பட்ட விதிகளை நான் பல போட்டிகளில் பார்த்துவிட்டேன்.

எட்டுப் பேர் கொண்ட குழு இரண்டே நாளில் கதை எழுதிக்கொண்டு வந்தது. ஒரு அம்மா குடத்தோடு வருகிறாள், மகள் கண்ணாடி பார்த்து அழுகிறாள், வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் அறிவுரை சொல்கிறார். கடைசிக் காட்சியில் எல்லோரும் கேமராவைப் பார்த்து ஒரே குரலில், "தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம், நோயின்றி வாழ்வோம்!"

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறையக் குறைய, மிச்சம் இருக்கிற தண்ணீரில் புளோரைடு இன்னும் கூடத்தான் செய்யும். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் நாலு தாய்மார்கள் போர் தண்ணீரைக் காய்ச்சி, நல்லது செய்கிறோம் என்று நம்பிக் கைக்குழந்தைக்குக் கொடுத்திருந்தால்? பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் என்றால் காய்ச்சிக் குடி என்றுதான் சிறு வகுப்பிலிருந்து நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கருத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி போட்டால், விசாரிப்பதற்கு முன்பே கருத்து வந்துவிடுகிறது.

கதையை ஓரம் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கேமராவைத் தொடவே கூடாது என்றேன். முகம் வாடிப்போனார்கள். ஆனால் அந்த இரண்டு வாரம்தான் இந்த வேலையின் உயிர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிக்குக் கொடுத்த தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி பிரிக்கப்படாமல் பீரோவில் இருந்தது. கேட்டு வாங்கினோம். புளோரைடு சோதனையில் மருந்துத் துளி விட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். புளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளுக்குப் போகும். ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் ஒரு குழாயிலும், போர் போட்ட நாளில் அதே குழாயிலும் பிடித்து, இரண்டு சோதனைக் குழாய்களைச் சன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்தோம். ஒன்று ரோஜா நிறம். மற்றது கழுவிப் போட்ட மஞ்சள் துணி மாதிரி. வகுப்பே கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் படத்தில் எந்த வசனமும் இல்லாமல் இருபது விநாடி ஓடுகிற காட்சி இதுதான். வண்ண அட்டையை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கும் மாதிரி அனுப்பினோம். புளோரைடு சோதனைக்கு மாதிரி பிடிப்பது கண்ணாடி பாட்டிலில் அல்ல, பிளாஸ்டிக் பாட்டிலில். ஏன் என்று கேட்டுக்கொண்டு அன்றைக்கு என் பாடத்தை அவர்களே நடத்தினார்கள்.

அடுத்தது டேங்க் ஆபரேட்டர். முதல் கதையில் அவர்தான் வில்லன். நேரில் போய் உட்கார்ந்து கேட்டபோது அவர் சொன்னது வேறு. "ஆத்துத் தண்ணி எப்ப வரும்னு எனக்கே தெரியாதுங்க டீச்சர். ரெண்டு நாள் டேங்க் காலியா இருந்தா ஊரு சும்மா விடுமா? போரைப் போட்டாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்." பேசுகிறேன், ஆனால் முகத்தைப் போட்டால் இருக்கிற வேலையும் போய்விடும் என்றார். பிள்ளைகள் அவருடைய கையை மட்டும் எடுத்தார்கள். துருப்பிடித்த வால்வைத் திருகுகிற கை, அதன் மேல் அவர் குரல். காது இயர்போனின் மைக்கை அவர் சட்டைப் பொத்தானில் மாட்டி, இன்னொரு போனில் குரலைத் தனியாகப் பதிந்தார்கள். மோட்டார் இரைச்சலிலும் பேச்சுத் தெளிவாகக் கேட்டது. இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டியதில்லை. மாணவர்கள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் படம் பிடித்தது என் போனில். வெட்டி ஒட்டியது மாலை நேரத்தில், கைன்மாஸ்டர் என்ற செயலியில்.

இனி என் தவறு. குழுவில் ஒரு மாணவிக்கே பல்லில் கறை உண்டு. "நான் பேசுறேன் மிஸ்" என்று அவளாக முன்வந்தாள். வீட்டில் கேட்டேன், சரி என்றார்கள். அதோடு அனுமதி கிடைத்துவிட்டதென்று நினைத்தேன். ஒத்திகையின்போது எடுத்த ஒரு துண்டு வீடியோவை, அவள் சிரிக்கிற வீடியோ, உடன் படிக்கும் ஒருவன் ஆசையாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். அதை யாரோ இறக்கி வேறொரு குரூப்பில் போட்டார்கள். அவள் பல்லைப் பற்றி அங்கே எழுதியதை இங்கே எழுத மாட்டேன். நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோது வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் அம்மா சொன்னார்: "பொண்ணு பாக்க வர்றவங்க என்னைச் சிரிக்கச் சொல்லித்தான் பாத்தாங்க. இவளுக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னுதாங்க பயம்." அவர் பல்லிலும் அதே கறை. மகள் சரி என்றபோது எதற்குச் சரி என்கிறாள் என்பதை நான் விளக்கியிருக்கவில்லை. வகுப்பில் பேசுவதற்கு அவள் சரி என்றாள். முகம் தெரியாத ஆயிரம் பேர் கையில் அது போகும் என்பதற்கு அல்ல.

அந்த வீடியோவை அழித்தோம். போன இடமெல்லாம் அழிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தில் எந்தக் குழந்தையின் முகமும் வராது என்று அன்றைக்கு முடிவு செய்தோம். அவள் குழுவுக்குத் திரும்பி வந்தாள். பின்னணிக் குரல் முழுவதும் அவளுடையதுதான்.

இன்னொரு குழு குழந்தைத் திருமணத்தை எடுத்துக்கொண்டது. நின்றுபோன ஒரு கல்யாணத்தின் பெண்ணைப் பேட்டி எடுக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று அழுத்தமாகச் சொன்னேன். அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பதற்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-வது பிரிவே இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விழிப்புணர்வு வீடியோ எடுக்கச் சொல்கிற சுற்றறிக்கைகளில் இந்த ஒரு வரியை நான் பார்த்ததில்லை. அந்தக் குழு கடைசியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தால் அதன் பிறகு என்னென்ன நடக்கும் என்பதைப் படம் வரைந்து காட்டியது. அது போதும், அதுதான் பயனும்கூட.

குடிநீர்ப் படம் முடிந்தபோது ஏழு நிமிடம். மூன்று நிமிடமாக வெட்டினால் ஆபரேட்டர் பேச்சு போகும், அவர் பேச்சு போனால் அவர் மறுபடி வில்லனாகிவிடுவார். போட்டிக்கு அனுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். அதற்குப் பதில் ஒரு சாயங்காலம் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு டேங்க்கடிக்குப் போனோம். சுவரில் வேட்டி கட்டிப் படம் ஓடியது. களி கிண்டிவிட்டு வந்த பெண்கள், பெங்களூர் வேலையிலிருந்து லீவுக்கு வந்த இளைஞர்கள், எல்லோரும் இருந்தார்கள். முடிந்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "கறை போருத் தண்ணியாலன்னு எங்களுக்குத் தெரியாதா கண்ணு? இன்னிக்கு வர்றது எந்தத் தண்ணின்னுதான் தெரியல. அதைச் சொல்லு."

எட்டுப் பேரும் மூன்று மாதம் உழைத்த படம் கேட்காமல் விட்ட கேள்வி அது. அங்கேயே பேச்சு தொடர்ந்தது. ஆபரேட்டரும் கூட்டத்தில் இருந்தார். படத்தில் கை தன்னுடையது என்று அவரே எழுந்து சொல்லிவிட்டார். ஆற்றுத் தண்ணீர் வரும்போது அதில் போரைக் கலக்காமல் தனியாக விடுகிறேன், எது என்று எழுதியும் வைக்கிறேன் என்றார். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் படத்தை மறுபடி போட்டார்கள், இதைத் தீர்மானமாகவும் எழுதினார்கள். இப்போது டேங்க் தூணில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒரு நாள் "ஆறு" என்றிருக்கும், ஒரு நாள் "போர்" என்றிருக்கும். "ஆறு" என்றால் குடிக்கவும் சமைக்கவும் குடத்தில் பிடித்து மூடி வைத்துக்கொள்கிறார்கள். "போர்" என்றால் துணிக்கும் பாத்திரத்துக்கும். ஆற்றுத் தண்ணீர் தினமும் வர வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

அந்தப் படம் இன்றுவரை இணையத்தில் இல்லை. லைக் என்று ஒன்றும் வாங்கவில்லை.

தங்கள் நாளிதழ் வழியாகப் பள்ளிக் கல்வித் துறையையும் போட்டி நடத்துகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. பிள்ளைகள் நல்ல படம் பார்க்கிறார்கள், எடுக்கவும் ஆசைப்படுகிறார்கள். பெரிய விஷயம் அது. எடுக்கச் சொல்லும்போது லைக்குக்கு மதிப்பெண் போடாதீர்கள். வீடியோவோடு, எதை எப்படிச் சரிபார்த்தோம் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். தண்ணீர், மருந்து, உடல்நலம் பற்றிய படமென்றால் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியில் போகட்டும். குழந்தைகள் முகம் வேண்டாம் என்பதை முதல் விதியாக வையுங்கள். பெற்றோர் கையெழுத்து வாங்குவதற்கு முன், இந்த வீடியோ எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றிலாவது பத்து நிமிடம் பள்ளிப் பிள்ளைகளின் படத்துக்கு ஒதுக்கலாம். ஊரக வளர்ச்சித் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. நகரத்துப் பள்ளிகளுக்கு அந்தந்த வார்டில் கூடும் கூட்டம் இருக்கிறது.

இந்த வருஷத்துப் பிளஸ் ஒன் பிள்ளைகள் பாட்டியின் கேள்வியிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். கரும்பலகையில் தினமும் எழுதுவதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வருகிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் "ஆறு", எத்தனை நாள் "போர்" என்ற கணக்கு கைக்கு வந்த பிறகுதான் கேமராவை எடுப்பார்களாம். நோட்டு என் மேஜையில் இருக்கிறது. இன்றைய தேதிக்கு நேராக "போர்" என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி வேதியியல் ஆசிரியை,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.