ஞாயிறு காலை இன்ஜின் டியூனிங்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு மைதானத்தில் மாடல் விமானங்களின் பெட்ரோல் இன்ஜின்களை டியூன் செய்கிறோம். போன வாரம் புது பைப் (புகைக்குழாய்) மாட்டிய இன்ஜின் ஒன்று, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசியைச் சரிசெய்யாமலே பறந்து, சூடேறி நின்றுவிட்டது. பிஸ்டனில் நீளமாகக் கீறல். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

1. கையேட்டில் சொன்ன அளவில் ஆயில் கலந்த புது பெட்ரோல் கொண்டுவாருங்கள்.

2. எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) ஊசிகள் எத்தனை சுற்று திறந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூடி எண்ணுங்கள். இறுக்கினால் முனை கெட்டுவிடும்.

3. முழு த்ராட்டிலில் உச்ச வேகம் வந்ததும், எச் ஊசியைச் சற்றே திறந்து அந்த உச்சத்திலிருந்து சுமார் 200 ஆர்பிஎம் மட்டும் குறைப்போம். த்ராட்டிலைச் சட்டென்று திறக்கும்போது அணைந்தால், பெரும்பாலும் எல் ஊசியில் எரிபொருள் போதவில்லை.

4. விமானத்தைக் கட்டக் கயிறு அவசியம். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றே ஊசியைத் திருப்ப வேண்டும்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இன்ஜின் சிசி, பைப் வகை இரண்டையும் இங்கே எழுதிவிடுங்கள்.