புகார்: படம் ஒரு பக்கம், குரல் மறு பக்கம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: தமிழ் ஜியு-ஜிட்சு காணொளித் தொகுப்பில் உள்ள குறை, பணத்தைத் திரும்பக் கேட்பது

ஐயா / அம்மா,

வணக்கம். தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவைக் கற்றுத்தரும் உங்கள் காணொளித் தொகுப்பைச் சென்ற மாதம் டர்பனிலிருந்து இணையத்தில் வாங்கினேன். ரசீதை இணைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இதே பாடங்கள் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன. காசு கொடுத்ததே தமிழில் இருக்கிறது என்பதற்காகத்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் கோயிலோடு சரி. அக்கா மகன் பயிற்சிப் பாயில் உருளும்போதாவது நாலு தமிழ் வார்த்தை காதில் விழட்டுமே என்று நினைத்தேன்.

குறை இருப்பது, குளோஸ்டு கார்டிலிருந்து (மல்லாந்து படுத்து எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டிய நிலை) ஹிப் பம்ப் ஸ்வீப் (இடுப்பால் மோதிப் புரட்டி மேலே வருவது), கிமுரா (தோள்பூட்டு), கில்லட்டின் (கழுத்து நெரிப்பு) மூன்றையும் கோத்துச் சொல்லித்தரும் பாடத்தில். உங்கள் விளம்பரத்தில் முதலில் வருவதும் அதுதான். அதில் படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது, குரல் திரும்பவில்லை. ‘இடது கையைப் பின்னால் ஊன்று, வலது கையை எதிராளியின் வலது தோளுக்கு மேலே போடு’ என்கிறார் மாஸ்டர். திரையில் ஊன்றுவது வலது கை. சந்தேகம் இருந்தால் அவருடைய பயிற்சி உடையான கி சட்டையைப் பாருங்கள். இடது மடிப்பு மேலே வர வேண்டிய இடத்தில் வலது மடிப்பு கிடக்கிறது. மார்பில் உள்ள எழுத்தும் திரும்பித்தான் தெரிகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. எழுந்து உட்கார்ந்து இடுப்பால் மோதும்போது எதிராளியின் வலது கையை அணைத்துப் பிடித்தால்தான் அவர் அந்தப் பக்கம் சாய்வார். கை நழுவினால் தரையில் ஊன்றித் தப்பப் பார்ப்பார். உடனே அந்த மணிக்கட்டை நம் இடது கை பிடிக்க வேண்டும். வலது கை அவருடைய மேற்கையைச் சுற்றிவந்து நம் இடது மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அது கிமுரா. ஊன்றாமல் நம்மை மறுபடி படுக்கவைக்க முன்னால் அழுத்தினால், அதே வலது கை கழுத்தைச் சுற்றும். அது கில்லட்டின். எதிராளி எந்தப் பக்கம் போனாலும் மாட்டுவார் என்பதுதான் இந்தக் கோவையின் ருசியே. இடமும் வலமும் குழம்பினால் எல்லாம் போச்சு. படத்தைப் பார்த்த அக்கா மகன் ஒரு பக்கம் எழும்பினான், குரலைக் கேட்ட அவன் கூட்டாளி மறு பக்கம் சாய்ந்தான். இருவருக்கும் நெற்றி வீங்கியதுதான் மிச்சம்.

அப்புறம், கிமுராப் பிடி போடும் நேரம் பார்த்துக் கேமரா மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. விரல் எங்கே, முழங்கை எங்கே, ஒன்றும் தெரியவில்லை. தோள்மூட்டைத் திருகும் பூட்டு இது. மெதுவாகப் போ, எதிராளி ‘போதும்’ என்று கையால் தட்டினால் உடனே விடு என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் 1951-இல் இந்தப் பூட்டுக்குப் பெயர் தந்த ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ரியோவில் பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியை வீழ்த்திய கதைக்கு மட்டும் தாராளமாக நேரம் இருக்கிறது! நல்ல கதைதான், அதை வேறு பாடத்தில் வையுங்கள். ஸ்வீப்புக்கு 4 புள்ளி என்று திரையில் போடுவதும் தப்பு. ஐபிஜேஜேஎஃப் என்னும் சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி ஸ்வீப்புக்கு 2, எதிராளியின் மேல் ஏறி உட்காரும் மவுண்டுக்குத்தான் 4.

இதையெல்லாம் எழுதிக் கேட்டதற்கு, ‘உங்கள் இணைய வேகத்தைச் சரிபார்க்கவும்’ என்று பதில் வந்தது. டர்பனில் இணையம் மெதுவாக வரும் நாள் உண்டு, இடதை வலதாக்கிக் கொடுத்ததில்லை.

எனக்கு அடுத்த தொகுப்புக்கான தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். முழுப் பணத்தையும் அதே வங்கி அட்டையில் 14 நாளுக்குள் திருப்பிப் போடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க எனக்கு உரிமை உண்டு. பணம் வராவிட்டால் இங்குள்ள நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுவேன். அதுவரை அந்தப் பாடத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள், இன்னொருவர் தோள் கழன்றுவிடப் போகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்